மார்ஷல் நீதிமன்றத் தீர்ப்புகள்: அரசமைப்பில் இருந்த அதிகாரமா, நீதிபதிகள் எடுத்துக்கொண்ட அதிகாரமா?

வழக்காடி எழுதியது:

அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் தலைமை நீதிபதியாக 1801இல் பொறுப்பேற்று, 1835இல் இறக்கும் வரை 34 ஆண்டுகள் அப்பதவியில் இருந்தவர் ஜான் மார்ஷல். அரசமைப்புச் சட்டத்துக்கு உயிர் கொடுத்தவர் என்றே அவரை எல்லோரும் பாராட்டுகிறார்கள். அதற்கு எதிரான வாதத்தை இங்கே முன்வைக்க விரும்புகிறேன். காங்கிரஸ் (அமெரிக்க நாடாளுமன்றம்) இயற்றிய சட்டத்தைச் செல்லாது என்று அறிவிக்கும் அதிகாரம் நீதிமன்றத்துக்கு உண்டு என 1787ஆம் ஆண்டு ஆவணத்தில் ஒரு வரி கூட இல்லை. இந்திய அரசமைப்பின் 13ஆம் பிரிவு போல வெளிப்படையாக எழுதிவைத்த ஏற்பாடு எதுவும் அங்கே கிடையாது. காங்கிரஸ் ஒரு வங்கியைத் தொடங்கலாம் என்றும் அதில் சொல்லப்படவில்லை. இவ்விரண்டையும் தேர்தலில் நிற்காத, ஆயுள் முழுவதும் பதவியில் இருக்கும் நீதிபதிகள் தங்கள் தீர்ப்புகளின் வழியாகவே நிலைநாட்டினார்கள்.

1803ஆம் ஆண்டின் மார்பரி எதிர் மாடிசன் வழக்கையே எடுத்துக்கொள்வோம். 1800ஆம் ஆண்டுத் தேர்தலில் தோற்ற ஜனாதிபதி ஜான் ஆடம்ஸ், பதவி முடியும் தறுவாயில் கொலம்பியா மாவட்டத்துக்கு 42 சமாதான நீதிபதிகளை நியமித்தார். செனட் 1801 மார்ச் 3 அன்று ஒப்புதல் தந்தது. மறுநாள் புதிய ஜனாதிபதியாக ஜெஃபர்சன் பதவியேற்றார். இடைப்பட்ட சில மணி நேரத்தில் நியமன ஆணைகளில் முத்திரை இட்டவர் அன்றைய வெளியுறவுச் செயலர். அவற்றில் சில உரியவர்களைச் சென்று சேரவில்லை. ஜெஃபர்சன் அவற்றைக் கொடுக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டார். ஆணை கிடைக்காத வில்லியம் மார்பரியும் வேறு மூவரும், ஜெஃபர்சனின் வெளியுறவுச் செயலரான ஜேம்ஸ் மாடிசனுக்கு எதிராக உச்ச நீதிமன்றத்துக்குப் போனார்கள். ஆணைகளில் முத்திரை இட்ட முந்தைய வெளியுறவுச் செயலர் வேறு யாருமல்லர், அதே மார்ஷல்தான். ஆணைகளை எடுத்துச் செல்லும் பணியில் இருந்தவர்களில் ஒருவர் அவருடைய சொந்தத் தம்பி ஜேம்ஸ் மார்ஷல். தன் அலுவலகத்தில் நடந்த குறைபாட்டைப் பற்றிய வழக்கை ஒருவர் தானே விசாரித்துத் தீர்ப்பு எழுதினார் என்றால், அதை இன்று எந்த நீதிமன்றம் ஏற்கும்?

தீர்ப்பின் வரிசை முறையையும் கவனியுங்கள். வழக்கை விசாரிக்க அதிகாரம் இருக்கிறதா என்பதே முதலில் பார்க்க வேண்டிய கேள்வி. மார்ஷல் அதைக் கடைசிக்குத் தள்ளினார். மார்பரிக்கு உரிமை உண்டு, அந்த உரிமை மீறப்பட்டது, சட்டத்தில் பரிகாரமும் உண்டு என்று ஜெஃபர்சன் நிர்வாகத்தைப் பக்கம் பக்கமாகக் கடிந்துகொண்ட பிறகே, இதை விசாரிக்கும் அதிகாரம் எங்களுக்கு இல்லை என்று முடித்தார். அந்த முடிவுக்கு வருவதற்காக, 1789ஆம் ஆண்டு நீதித்துறைச் சட்டத்தின் 13ஆம் பிரிவு இத்தகைய வழக்கை நேரடியாக உச்ச நீதிமன்றத்திலேயே தொடங்க இடம் தருகிறது என்று, அரசமைப்போடு முரண்படும்படி வாசித்தார். மற்றபடி நீதிமன்றத்தின் வரம்புக்குள் வரும் வழக்குகளில் செயலுறுத்தும் நீதிப்பேராணை (ஓர் அதிகாரி தன் கடமையைச் செய்ய வேண்டும் என்ற உத்தரவு) பிறப்பிக்கலாம் என்று மட்டுமே அந்தப் பிரிவைப் படித்திருந்தால் முரண்பாடே எழுந்திருக்காது. சட்டத்தைக் காப்பாற்றும் வாசிப்பு கையில் இருந்தும் அவர் கவிழ்க்கும் வாசிப்பைத் தேர்ந்தெடுத்தார்.

கீழைக்காற்று எழுதியது:

வழக்காடி அவர்கள் சொல்வதில் ஒன்றை உடனே ஏற்கிறேன்: மார்ஷல் அந்த வழக்கிலிருந்து விலகியிருக்க வேண்டும். 1816ஆம் ஆண்டின் மார்ட்டின் வழக்கில், தகராறுக்குரிய ஃபேர்ஃபேக்ஸ் நிலங்களில் தமக்கும் தம் குடும்பத்துக்கும் பங்கு இருந்ததால் அவர் விலகினார். அந்தத் தீர்ப்பை நீதிபதி ஜோசப் ஸ்டோரி எழுதினார். விலக வேண்டும் என்ற நெறி அவருக்குத் தெரியாததல்ல.

ஆனால், சட்டத்தைச் செல்லாததாக்கும் அதிகாரத்தை 1803இல் அவர் புதிதாகக் கண்டுபிடித்தார் என்பது வரலாற்றுக்குப் பொருந்தவில்லை. அரசமைப்புக்கு ஒப்புதல் கேட்டு விவாதம் நடந்த 1788ஆம் ஆண்டிலேயே, அரசமைப்பை ஆதரித்து வெளியான ஃபெடரலிஸ்ட் கட்டுரை வரிசையின் 78ஆம் கட்டுரையில் அலெக்சாண்டர் ஹாமில்டன் இதே அதிகாரத்தை விளக்கி எழுதியிருந்தார்.  1792இல் முன்னாள் படைவீரர்களின் ஓய்வூதிய விண்ணப்பங்களைப் பரிசீலிக்கும் பணியைக் காங்கிரஸ் வட்ட நீதிமன்றங்களுக்குக் கொடுத்து, அவற்றின் முடிவைப் போர்த்துறைச் செயலர் மாற்றலாம் என்றும் விதித்தது. நீதிமன்றத் தீர்ப்பை ஓர் அமைச்சர் திருத்துவது அரசமைப்புக்கு ஒவ்வாது என்று கூறி, பென்சில்வேனியாவில் அமர்ந்த நீதிபதிகள் அந்தப் பணியைச் செய்ய மறுத்தார்கள். 1796இல் வண்டிகள் மீதான வரி செல்லுமா என்ற கேள்வி உச்ச நீதிமன்றத்துக்கே வந்தது. நீதிமன்றம் அதைப் பரிசீலித்து, செல்லும் என்றது. செல்லும் என்று சொல்லும் இடத்தில் ஒருவர் அமர்ந்திருக்கிறார் என்றால், செல்லாது என்று சொல்லவும் அவரால் முடியும் என்பதை அன்று எல்லோரும் அறிந்தே இருந்தார்கள்.

அரசமைப்பின் ஆறாம் உறுப்பையும் மறந்துவிட வேண்டாம். அரசமைப்பும் அதற்கு இணங்க இயற்றப்பட்ட சட்டங்களுமே நாட்டின் உயர்ந்த சட்டம் என்கிறது அது. அரசமைப்புக்கு இணங்காத சட்டம் அந்தத் தகுதியைப் பெறாது. நீதிபதி எடுத்துக்கொள்ளும் உறுதிமொழி காங்கிரஸின் பெயரால் எடுப்பதல்ல, அரசமைப்பின் பெயரால் எடுப்பது. மார்ஷலின் தர்க்கம் இவ்வளவுதான். காங்கிரஸ் தமக்குக் கொடுத்த ஓர் அதிகாரத்தை வேண்டாம் என்று மறுத்த தீர்ப்பை அதிகாரப் பறிப்பு என்று அழைப்பது எனக்குப் பொருத்தமாகத் தெரியவில்லை.

அமுதினி எழுதியது:

இருவரிடமும் ஒரு கேள்வி. மார்பரிக்கு ஆணையைக் கொடுக்கும்படி நீதிமன்றம் உத்தரவிட்டிருந்தால் மாடிசன் பணிந்திருப்பாரா? 1802இல் ஜெஃபர்சனின் கட்சியினர் முந்தைய ஆண்டின் நீதித்துறைச் சட்டத்தை நீக்கியதோடு, உச்ச நீதிமன்றத்தின் அமர்வுகளையும் மாற்றி அமைத்தார்கள். அதனால்தான் 1803 பிப்ரவரி வரை நீதிமன்றம் கூடவே முடியவில்லை என்று படித்திருக்கிறேன். அந்தச் சூழலில் எழுதப்பட்ட தீர்ப்பை வெறும் சட்ட வாசிப்பாக எப்படிப் பார்ப்பது?

வழக்காடி எழுதியது:

அமுதினி அவர்கள் கேட்டதே என் வாதத்தின் மையம். மாடிசன் பணிந்திருக்க மாட்டார். அவர் சார்பில் வாதிட ஒரு வழக்கறிஞர் கூட நீதிமன்றத்தில் நிற்கவில்லை. உத்தரவிட்டால் அவமானம், தள்ளுபடி செய்தால் கோழைத்தனம் என்ற இக்கட்டில் இருந்த மார்ஷல், வழக்கில் தோற்றபடியே அதிகாரத்தை வென்றுகொள்ளும் வழியைக் கண்டார். அதன் திறமையை நான் மறுக்கவில்லை. ஆனால் திறமை வேறு, சட்டம் வேறு.

இதற்குச் சான்று வேண்டுமானால், மார்பரி தீர்ப்பு வந்த 1803 பிப்ரவரி 24க்கு ஆறு நாள் கழித்து வந்த ஸ்டூவர்ட் எதிர் லேர்ட் தீர்ப்பைப் பாருங்கள். 1801ஆம் ஆண்டுச் சட்டம் 16 வட்ட நீதிபதிகளை உருவாக்கியது. நன்னடத்தை உள்ளவரை பதவி என்று அரசமைப்பு அவர்களுக்கு உறுதி தந்திருந்தது. 1802இல் காங்கிரஸ் அந்தச் சட்டத்தையே நீக்கியதும் அவர்களுடைய பதவிகள் மறைந்துபோயின. அரசமைப்பைக் காக்கும் கடமை நீதிமன்றத்துக்கு உண்டு என்று ஆறு நாளுக்கு முன் முழங்கியவர்கள், பதவி இழந்த நீதிபதிகளின் கேள்வியைத் தொடாமலேயே அந்த நீக்கத்துக்கு வழிவிட்டார்கள். மார்ஷல் அந்த வழக்கைக் கீழ் நிலையில் விசாரித்தவர் என்பதால் அதில் பங்கேற்கவில்லை, நீதிபதி பேட்டர்சன் எழுதினார். ஒரு சின்னப் பிரிவைக் கவிழ்க்கத் துணிந்தவர்கள், ஆளுங்கட்சி உயிராக மதித்த சட்டத்தின் முன் அமைதி காத்தார்கள்.

அக்காலத்து நீதிபதிகள் எல்லோரும் மார்ஷலின் தர்க்கத்தை ஏற்கவும் இல்லை. பென்சில்வேனியா மாநில உச்ச நீதிமன்றத்தில் ஜான் பானிஸ்டர் கிப்சன் 1825ஆம் ஆண்டு ஈக்கின் எதிர் ராப் வழக்கில் எழுதிய மாறுபட்ட தீர்ப்பை ஒருமுறை படித்துப் பாருங்கள். உறுதிமொழி நீதிபதிக்கு மட்டும் உரியதல்ல, சட்டமன்ற உறுப்பினரும் அதே உறுதிமொழியைத்தான் எடுக்கிறார். சட்டமன்றத்தின் தவறைத் திருத்தும் உரிமை வாக்களிக்கும் மக்களிடம் இருக்கிறதே அன்றி நீதிபதியிடம் இல்லை என்பது அவருடைய வாதம். கீழைக்காற்று அவர்கள் மேலே சொன்ன உறுதிமொழி வாதத்துக்கு இதைவிடத் தெளிவான மறுப்பை நான் கண்டதில்லை.

கீழைக்காற்று எழுதியது:

நீதிமன்றம் அஞ்சியது என்பதை நான் மறுக்கவில்லை. அஞ்சுவதற்குக் காரணமும் இருந்தது. நீதிபதி சாமுவேல் சேஸ் மீது பிரதிநிதிகள் அவை 1804இல் பதவிநீக்கக் குற்றச்சாட்டைக் கொண்டுவந்தது. 34 பேர் கொண்ட செனட்டில் 23 வாக்குகள் தேவைப்பட்டன. எந்தக் குற்றச்சாட்டுக்கும் 19க்கு மேல் கிடைக்காததால் 1805 மார்ச் மாதம் அவர் தப்பினார். அவர் விழுந்திருந்தால் அடுத்த இலக்கு மார்ஷல்தான் என்று பலரும் எண்ணினார்கள். ஆனாலும் மார்பரி தீர்ப்புக்குப் பிறகு 1857 வரை காங்கிரஸின் எந்தச் சட்டத்தையும் உச்ச நீதிமன்றம் கவிழ்க்கவில்லை. கிடைத்த அதிகாரத்தை அரை நூற்றாண்டுக்கு மேல் உறையிலேயே வைத்திருந்தவர்களைப் பேராசைக்காரர்கள் என்று சொல்ல முடியாது.

என் பார்வையில், தொடக்கக்கால அமெரிக்க அரசின் அதிகாரத்தை உண்மையில் வடிவமைத்தது 1819ஆம் ஆண்டின் மெக்கல்லக் எதிர் மேரிலாந்து தீர்ப்பு. மார்பரி நீதிமன்றத்துக்கு ஒரு நாற்காலியைத் தந்தது என்றால், மெக்கல்லக் ஒரு நாட்டுக்கே அரசைத் தந்தது. அதனால் அதைச் சற்று விரிவாகச் சொல்கிறேன்.

1816இல் காங்கிரஸ் இரண்டாம் அமெரிக்க வங்கியை 3.5 கோடி டாலர் மூலதனத்தில், ஐந்தில் ஒரு பங்கு அரசின் முதலீடாக, 20 ஆண்டு உரிமத்துடன் அமைத்தது. மேரிலாந்து மாநிலத்தின் பால்டிமோரில் அதன் கிளை ஒன்று இயங்கியது. 1818இல் மேரிலாந்து சட்டமன்றம், தன் உரிமம் பெறாத வங்கிகள் மாநிலத்துக்குள் வெளியிடும் நோட்டுகளை மாநிலம் விற்கும் முத்திரைத்தாளில்தான் அச்சிட வேண்டும் என்று சட்டம் போட்டது. ஐந்து டாலர் நோட்டுக்கான முத்திரை 10 சென்ட், ஆயிரம் டாலர் நோட்டுக்கு 20 டாலர். அந்தத் தொல்லை வேண்டாம் என்றால் ஆண்டுக்கு 15,000 டாலரை முன்கூட்டியே கட்டிவிடலாம். கிளையின் காசாளர் ஜேம்ஸ் மெக்கல்லக் முத்திரை இல்லாத நோட்டுகளை வெளியிட்டார். அபராதம் கேட்டு வழக்கு வந்தது. உச்ச நீதிமன்றத்தில் ஒன்பது நாள் வாதம் நடந்தது. வங்கிக்காக டேனியல் வெப்ஸ்டர், வில்லியம் பிங்க்னி முதலானோர் நின்றார்கள். மேரிலாந்துக்காக நின்றவர்களில் லூதர் மார்ட்டின், அரசமைப்பை வரைந்த 1787 மாநாட்டில் உறுப்பினராக இருந்து, வரைவு பிடிக்காமல் கையெழுத்திடாமல் வெளியேறியவர். வாதம் முடிந்த மூன்றாம் நாள், மார்ச் 6 அன்று, ஒருமித்த தீர்ப்பு வந்தது.

அரசமைப்பில் வங்கி என்ற சொல் இல்லை என்பது உண்மை. ஆனால் வரி விதிக்கவும் கடன் வாங்கவும் படை திரட்டிப் பராமரிக்கவும் காங்கிரஸுக்கு அதிகாரம் தரப்பட்டது. அவற்றைச் செயல்படுத்தத் தேவையான, தகுந்த சட்டங்களை இயற்றும் அதிகாரமும் தரப்பட்டது. தேவையான என்றால் தவிர்க்கவே முடியாத என்றுதான் பொருள் என மேரிலாந்து வாதிட்டது. மார்ஷல் அதே ஆவணத்தின் வேறோர் இடத்தைக் காட்டினார்: மாநிலங்கள் இறக்குமதி வரி விதிப்பதைத் தடுக்கும் இடத்தில், சோதனைச் சட்டங்களுக்கு முற்றிலும் தேவையானதைத் தவிர என்று எழுதியிருக்கிறது. எழுதியவர்களுக்கு இரண்டுக்கும் உள்ள வேறுபாடு தெரிந்திருந்தது. மத்திய அரசுக்குத் தரப்படாத அதிகாரங்கள் மாநிலங்களுக்கோ மக்களுக்கோ உரியவை என்ற பத்தாம் திருத்தத்தையும் அவர் அப்படியே அணுகினார். அரசமைப்புக்கு முன் இருந்த பழைய கூட்டமைப்பு விதிகள், வெளிப்படையாகத் தரப்படாத எல்லா அதிகாரமும் மாநிலங்களுக்கே என்றன. பத்தாம் திருத்தம் அந்த ‘வெளிப்படையாக’ என்பதை விட்டுவிட்டது. இது நீதிபதி தன் விருப்பத்தை ஏற்றிச் சொன்னது அல்ல, ஆவணத்தை வரிவரியாக வாசித்தது.

வரி பற்றிய பகுதி இன்னும் ஆழமானது. வரி விதிக்கும் அதிகாரத்தில் அழிக்கும் அதிகாரமும் அடங்கியிருக்கிறது என்பதை எல்லோரும் மேற்கோள் காட்டுகிறார்கள். அதற்குப் பின்னால் இருக்கும் காரணத்தைச் சொல்வதில்லை. ஒரு மாநிலம் தன் மக்கள் மீது வரி போட்டால், வரம்பு மீறும்போது அந்த மக்களே தேர்தலில் தடுப்பார்கள். மேரிலாந்து இங்கே வரி போட்டது அமெரிக்க மக்கள் அனைவருக்கும் உரிய நிறுவனத்தின் மீது. அந்த மக்களில் பெரும்பாலோருக்கு மேரிலாந்து சட்டமன்றத்தில் வாக்கு இல்லை. பிரதிநிதித்துவம் இல்லாத வரி என்பதை எதிர்த்தே பிறந்த நாட்டுக்கு இதைவிடப் பொருத்தமான வாதம் எது?

திருமங்கலத்தான் எழுதியது:

கீழைக்காற்று அவர்கள் சட்டப் பக்கத்தை நன்றாகச் சொன்னார். அந்தத் தீர்ப்பு வெளியான நேரத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 1819ஆம் ஆண்டு அமெரிக்காவின் முதல் பெரிய நிதி நெருக்கடியின் ஆண்டு. முதலில் தாராளமாகக் கடன் கொடுத்த அதே வங்கி, 1818 முதல் கடன்களைத் திடீரென்று திரும்பக் கேட்டது. மாநில வங்கிகள் முறிந்தன, மேற்கு மாநிலங்களில் உழவர்கள் நிலத்தை இழந்தார்கள். வழக்கின் நாயகரான மெக்கல்லக், பால்டிமோர் கிளையின் தலைவர் ஜேம்ஸ் புக்கானன் முதலானோருடன் சேர்ந்து, போதிய ஈடு இல்லாமல் தமக்குத் தாமே கடன் கொடுத்துக்கொண்டிருந்தார் என்பது தீர்ப்பு வந்த சில மாதங்களுக்குள் வெளிச்சத்துக்கு வந்தது. வங்கிக்கு ஏற்பட்ட இழப்பு பத்து லட்சம் டாலரைத் தாண்டியது. மேரிலாந்தின் முத்திரைத்தாள் சட்டம் பேராசையால் மட்டும் வந்ததல்ல; தன் எல்லைக்குள் இயங்கியும் தன் கண்காணிப்புக்கு உட்படாத ஒரு நிறுவனத்தின் மீதான அச்சமும் அதில் இருந்தது.

ஓஹாயோ இன்னும் ஒரு படி மேலே போனது. ஒவ்வொரு கிளைக்கும் ஆண்டுக்கு 50,000 டாலர் வரி என்று சட்டம் இயற்றி, மெக்கல்லக் தீர்ப்பு வந்து ஆறு மாதம் கழித்து, 1819 செப்டம்பரில், அதன் அதிகாரிகள் சில்லிகோத்தே கிளைக்குள் நுழைந்து பெட்டகத்திலிருந்து ஒரு லட்சம் டாலருக்கு மேல் எடுத்துச் சென்றார்கள். அந்தத் தகராறு 1824ஆம் ஆண்டின் ஆஸ்போர்ன் வழக்கில்தான் முடிந்தது. ஒருமித்த தீர்ப்பு என்பதால் நாடும் ஒருமித்து ஏற்றது என்று எண்ணிவிடக் கூடாது.

வழக்காடி எழுதியது:

திருமங்கலத்தான் அவர்களுக்கு நன்றி. மெக்கல்லக் தீர்ப்பில் என் எதிர்ப்பு வங்கியைப் பற்றியதே அல்ல. இரு அரசுகளுக்கு இடையே எல்லைத் தகராறு வந்தால் நடுவர் யார் என்பதைப் பற்றியது. உச்ச நீதிமன்றம் மத்திய அரசின் ஓர் உறுப்பு. அதன் நீதிபதிகளை மத்திய அரசின் தலைவர் நியமிக்கிறார், செனட் ஒப்புகிறது. மத்திய அரசின் எல்லை எதுவரை என்பதை அதே அரசின் ஓர் உறுப்பே முடிவு செய்தால், எல்லை விரிந்துகொண்டேதான் போகும். வெர்ஜினியாவின் நீதிபதி ஸ்பென்சர் ரோன் சொன்னது இதைத்தான். 1816இல் மார்ட்டின் வழக்கு வழியாகவும், 1821இல் கோயன்ஸ் வழக்கு வழியாகவும் மாநில உயர் நீதிமன்றங்களின் தீர்ப்புகளை மறுபரிசீலனை செய்யும் உரிமையை உச்ச நீதிமன்றம் தனக்கென உறுதி செய்துகொண்டது. கோயன்ஸ் வழக்கு எவ்வளவு சிறியது பாருங்கள்: நார்ஃபோக் நகரில் கொலம்பியா மாவட்டத்துப் பரிசுச்சீட்டு விற்றதற்கு 100 டாலர் அபராதம். மார்ஷல் அபராதம் சரியென்றே சொன்னார். அதைச் சொல்லும் அதிகாரம் தமக்கு உண்டு என்பதைப் பல பக்கங்களில் நிறுவிவிட்டுச் சொன்னார். மார்பரியில் கையாண்ட அதே முறை.

மெக்கல்லக் தீர்ப்பை ரோன் ஹாம்ப்டன் என்ற புனைபெயரில் ரிச்மண்ட் செய்தித்தாளில் கடுமையாக விமர்சித்தார். அதற்கு அரசமைப்பின் நண்பன் என்ற புனைபெயரில் மறுப்பு எழுதியவர் மார்ஷலே! தலைமை நீதிபதி தன் தீர்ப்புக்குத் தானே பெயரை மறைத்து நாளிதழில் வாதாடினார். தீர்ப்பின் தர்க்கம் தன்னளவில் போதுமானதாக இருந்தால் அதற்கு என்ன தேவை வந்தது?

அமுதினி எழுதியது:

மாநில உரிமை பேசிய வெர்ஜினியா அரசியலர்களின் கவலையை வழக்காடி அவர்கள் மிகத் தூய்மையான கோட்பாடாகக் காட்டுகிறார். அந்தக் கோட்பாட்டின் அடியில் என்ன இருந்தது என்பதையும் சொல்ல வேண்டும். சாலை, கால்வாய்களுக்கான நில அளவை மசோதா 1824இல் காங்கிரஸில் விவாதிக்கப்பட்டபோது, இதைச் செய்யக் காங்கிரஸுக்கு அதிகாரம் உண்டென்றால் நாட்டில் உள்ள அடிமைகள் அனைவரையும் விடுவிக்கவும் அதிகாரம் உண்டு என்று வெர்ஜினியாவின் ஜான் ரேண்டால்ஃப் வெளிப்படையாகவே எச்சரித்தார். மத்திய அரசு வளர்ந்தால் ஒருநாள் தங்கள் அடிமைகள் மீது கை வைக்கும் என்ற அச்சமே அந்த எதிர்ப்புக்குப் பெரும் உரமாக இருந்தது. மார்ஷலும் வாழ்நாள் முழுவதும் அடிமைகளை வைத்திருந்தவர் என்பதால் அவரையும் நான் மேலே ஏற்றி வைக்கவில்லை.

மாநில அதிகாரம் யாரை நசுக்கியது என்பதற்குச் செரோக்கி என்ற பூர்வகுடி மக்களின் வழக்குகள் போதும். ஜார்ஜியா 1830இல் அவர்களுடைய நாட்டைத் தன் சட்டத்துக்குள் இழுத்துக்கொண்டது. ஜார்ஜ் டாசல் என்ற செரோக்கியரை ஜார்ஜியா நீதிமன்றம் கொலைக் குற்றத்துக்காகத் தண்டித்தபோது, மார்ஷல் மறுபரிசீலனை ஆணை அனுப்பினார். மாநிலம் அதைப் பொருட்படுத்தாமல் அந்த டிசம்பரிலேயே அவரைத் தூக்கிலிட்டது. அடுத்து, மாநில அனுமதி பெறாமல் செரோக்கி நாட்டில் தங்கியதற்காக மிஷனரி சாமுவேல் வொர்செஸ்டர் உள்ளிட்டோருக்கு நான்கு ஆண்டு கடுங்காவல். பெரும்பாலோர் மன்னிப்பை ஏற்று வெளியேறினார்கள். வொர்செஸ்டரும் எலைசர் பட்லரும் மறுத்துச் சிறையிலேயே இருந்து வழக்கை உச்ச நீதிமன்றத்துக்குக் கொண்டுபோனார்கள். 1832 மார்ச் 3 அன்று, ஜார்ஜியாவின் சட்டம் செரோக்கி எல்லைக்குள் செல்லாது என்று மார்ஷல் தீர்ப்பளித்தார். ஜார்ஜியா வாதாடக்கூட வரவில்லை. தீர்ப்புக்குப் பிறகும் இருவரையும் விடவில்லை. மார்ஷல் தீர்ப்புச் சொல்லிவிட்டார், அவரே நிறைவேற்றட்டும் என்று அன்றைய ஜனாதிபதி ஆண்ட்ரூ ஜாக்சன் சொன்னதாகப் பரவியிருக்கும் வாசகத்துக்கு அக்காலச் சான்று கிடையாது. அது பல ஆண்டுகள் கழித்து அச்சில் வந்தது. ஆனால் தீர்ப்பு பிறக்கும்போதே செத்துவிட்டது என்ற பொருளில் நண்பருக்கு அவர் கடிதம் எழுதியது உண்மை. 1838, 1839இல் செரோக்கி மக்கள் படையினரால் மேற்கே விரட்டப்பட்டு, வழியில் ஆயிரக்கணக்கில் இறந்தார்கள். நீதிமன்றம் அதிகாரத்தைப் பறித்துக்கொண்டது என்கிறீர்கள், வழக்காடி. உண்மையில் தேவைப்பட்ட நாளில் அதனிடம் எந்த அதிகாரமும் இருக்கவில்லை.

திருமங்கலத்தான் எழுதியது:

தீர்ப்பு நிலைப்பதும் நிலைக்காததும் யாருடைய கையில் இருந்தது என்பதற்கு 1824 மார்ச் 2 அன்று வந்த கிப்பன்ஸ் எதிர் ஆக்டன் தீர்ப்பை வொர்செஸ்டரோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். நியூயார்க் மாநிலம் தன் நீர்வழிகளில் நீராவிப் படகு விடும் ஏகபோகத்தை லிவிங்ஸ்டனுக்கும் ஃபுல்டனுக்கும் கொடுத்திருந்தது. அவர்களிடம் உரிமம் வாங்கி ஓட்டியவர் ஆரன் ஆக்டன். காங்கிரஸின் 1793ஆம் ஆண்டுக் கடலோரக் கப்பல் சட்டப்படி உரிமம் பெற்று, நியூஜெர்சியின் எலிசபெத்டவுனிலிருந்து நியூயார்க்குக்குப் போட்டியாகப் படகு விட்டவர் தாமஸ் கிப்பன்ஸ்; அவருடைய படகைச் செலுத்தியவர் பின்னாளில் பெருஞ்செல்வரான கார்னீலியஸ் வாண்டர்பில்ட். நியூயார்க்கின் தடைக்குப் பதிலடியாக நியூஜெர்சியும் கனெடிகட்டும் தங்கள் பங்குக்குச் சட்டம் போட்டிருந்தன. ஒரே ஆற்றின் இரு கரைகளும் ஒன்றையொன்று தண்டித்துக்கொண்டிருந்தன. வணிகம் என்பது சரக்கை வாங்கி விற்பது மட்டுமல்ல, மாநிலங்களுக்கிடையிலான போக்குவரத்தும் அதில் அடங்கும் என்று மார்ஷல் சொன்னதும் ஏகபோகம் உடைந்தது, கட்டணம் குறைந்தது, மக்கள் கொண்டாடினார்கள். அதிகார விரிவு அதே அளவுதான். ஆனால் இங்கே பயணிகளும் படகோட்டிகளும் தீர்ப்பின் பக்கம் நின்றார்கள். செரோக்கி மக்களின் பக்கம் வாக்குரிமை உள்ள எவரும் போதிய எண்ணிக்கையில் நிற்கவில்லை.

கீழைக்காற்று எழுதியது:

இந்த ஒப்பீட்டை ஏற்கிறேன்; வழக்காடி அவர்களுக்கான என் பதிலும் இதிலேயே இருக்கிறது. நீதிமன்றத்திடம் படையும் இல்லை, பணப்பையும் இல்லை என்று ஹாமில்டன் 1788இலேயே எழுதினார். ஏற்றுக்கொள்ளப்பட்ட அளவுக்கே அதன் அதிகாரம் வளர்ந்தது. மெக்கல்லக் தீர்ப்பு வந்ததும் பென்சில்வேனியா சட்டமன்றம், காங்கிரஸ் கொலம்பியா மாவட்டத்துக்கு வெளியே வங்கி அமைக்கக் கூடாது என்று அரசமைப்பைத் திருத்த முன்மொழிந்தது, அது நிறைவேறவில்லை. திருத்தம் இயலாத காரியமும் அல்ல. ஒரு மாநிலத்தின் மீது வேறு மாநிலத்தவர் வழக்குத் தொடரலாம் என்று 1793இல் சிஷோம் வழக்கில் சொன்ன தீர்ப்பை, 1795க்குள் பதினோராம் திருத்தத்தால் மாற்றிவிட்டார்கள். வங்கியைப் பொறுத்தவரை ஜாக்சன் 1832 ஜூலையில் உரிமப் புதுப்பிப்பை மறுத்தார். நீதிமன்றம் செல்லும் என்று சொன்னது தம்மைக் கட்டுப்படுத்தாது என்று காரணமும் எழுதினார். 1836இல் உரிமம் காலாவதியானது. காங்கிரஸ் வங்கி அமைக்கலாம் என்றுதான் மார்ஷல் சொன்னார், அமைத்தே ஆக வேண்டும் என்று சொல்லவில்லை. எனவே தேர்தலில் வென்றவர்கள் தாங்கள் விரும்பியதைச் செய்ய முடிந்தது.

எப்போதும் மத்திய அரசின் பக்கமே சாய்ந்தார் என்பதும் சரியல்ல. 1833ஆம் ஆண்டின் பாரன் வழக்கில், பால்டிமோர் நகராட்சியின் பணிகளால் தன் படகுத்துறையில் மணல் சேர்ந்து பயனற்றுப் போனதற்கு ஒருவர் இழப்பீடு கேட்டார். உரிமைகள் சாசனம் மத்திய அரசை மட்டுமே கட்டுப்படுத்தும், மாநிலங்களை அல்ல என்று மார்ஷல் அதை மறுத்தார். அது அவருடைய கடைசிப் பெரிய அரசமைப்புத் தீர்ப்புகளில் ஒன்று.

வழக்காடி அவர்கள் சான்று காட்டிய கிப்சனும் தம் கருத்தில் நிற்கவில்லை. 1845இல் நாரிஸ் எதிர் கிளைமர் வழக்கின் வாதத்தின்போது, ஈக்கின் வழக்கில் எழுதியதைத் தாம் கைவிட்டுவிட்டதாக வழக்கறிஞரிடம் சொன்னார். அண்மையில் கூடிய மாநில அரசமைப்பு மாநாடு, நீதிமன்றங்களின் இந்த அதிகாரத்தைத் தெரிந்தும் தடுக்காமல் மௌனமாக ஒப்புக்கொண்டது என்பது அவர் தந்த காரணங்களில் ஒன்று. அந்த அதிகாரம் தேவை என்று அனுபவம் காட்டியது என்பது மற்றொன்று.

வழக்காடி எழுதியது:

கிப்சன் மாறினார் என்பதால் அவருடைய 1825ஆம் ஆண்டு வாதம் பொய்யாகிவிடாது. அதை அவர் தர்க்கத்தால் மறுக்கவில்லை, நடைமுறைக்கு இணங்கினார். மௌனத்தை ஒப்புதலாகக் கொண்டால், எந்த அதிகாரமும் போதிய காலம் செயல்பட்டாலே சட்டமாகிவிடும். 1857இல் ட்ரெட் ஸ்காட் வழக்கில் தலைமை நீதிபதி டானி, கறுப்பின மக்கள் குடிமக்களாக முடியாது என்றும், மேற்குப் பிரதேசங்களில் அடிமை முறையைக் காங்கிரஸ் தடுக்க முடியாது என்றும் தீர்ப்பளித்தது இந்த அதிகாரத்தைக் கொண்டே. உறையில் இருந்த வாள் என்றீர்கள். வெளியே எடுத்த முதல் முறையே அது எங்கே பாய்ந்தது? சிஷோம் தீர்ப்பை மாற்ற இரண்டு ஆண்டு போதுமானதாக இருந்தது, ஏனெனில் அதை எதிர்த்தவை மாநில அரசுகள். ட்ரெட் ஸ்காட் தீர்ப்பை மாற்றிய பதினான்காம் திருத்தம் 1868இல்தான் வந்தது, அதுவும் ஆறு லட்சத்துக்கும் மேற்பட்டோர் மடிந்த உள்நாட்டுப் போருக்குப் பிறகு.

அமுதினி எழுதியது:

அந்த மௌனம் யாருடையது என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். கீழைக்காற்று குறிப்பிட்ட பென்சில்வேனியா மாநாடு தந்த 1838ஆம் ஆண்டு அரசமைப்பு, வாக்குரிமையை வெள்ளையரான சுதந்திர ஆண்களுக்கு மட்டும் என்று சுருக்கியது. அதுவரை அம்மாநிலத்தின் சில மாவட்டங்களில் வாக்களித்து வந்த சுதந்திரமான கறுப்பின ஆண்கள் அந்த உரிமையை இழந்தார்கள். அதற்கு முந்தைய ஆண்டு, வில்லியம் ஃபாக் என்ற கறுப்பினத்தவரை வாக்களிக்க விடாமல் தடுத்தது சரி என்று அம்மாநில உச்ச நீதிமன்றத்தில் தீர்ப்பு எழுதியவரும் இதே கிப்சன். வழக்காடி அவர்களின் 1825ஆம் ஆண்டு கிப்சன், சட்டமன்றத்தின் தவறை வாக்களிக்கும் மக்கள் திருத்துவார்கள் என்றார். கீழைக்காற்று அவர்களின் 1845ஆம் ஆண்டு கிப்சன், மக்களின் மாநாடு ஒப்புக்கொண்டது என்றார். இரண்டு ஆண்டுகளிலும் அவர் மக்கள் என்று குறிப்பிட்டவர்களில் ஃபாக் இல்லை. நீதிமன்றமா, சட்டமன்றமா, மாநிலமா, மத்திய அரசா என்று இந்த இழையில் நாம் பிரித்துப் பேசிய நான்கு இடங்களில், அவரும் செரோக்கி மக்களும் போய்க் கேட்கக்கூடிய இடம் எது என்பதற்கு உங்கள் இருவரின் பதிலையும் எதிர்பார்க்கிறேன்.